மத்தியான வெயிலில் நின்ற லிஃப்ட்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் நீ மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பது போனில் உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நீ வேலை பார்க்கும் ரயில் சிக்னலில் பழுது பிடிபடவில்லை, அதனால் பாதுகாப்புச் சோதனை ஒன்றை நிறுத்திவைத்து ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் ஒட்டடைக்குச்சி மாமா கால் தவறி விழுந்து செத்தான் என்றுதானே உனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக்குகளாக இருந்தபோது, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே அடிக்கடி நின்றுபோனது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மச்சான், மூளை சூடாயிடுச்சு, போய் அரை மணி படுங்க, லிஃப்ட் எங்கயும் ஓடிப்போயிடாது என்றான் அவன். நான் கேட்கவில்லை, பிடித்தால்தான் ஆயிற்று என்று ஒற்றைக்காலில் நின்றேன். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராமல் தடுக்க ஒரு சுவிட்ச் உண்டு. அதில் கோளாறோ என்று பார்க்க, ஒரு துண்டு ஒயரை வைத்து அந்தத் தடுப்பை நிறுத்தினேன். அசதியில் ஒயரை எடுக்க மறந்தேன், அவனிடம் சொல்லவும் மறந்தேன். அவன் நாலாவது மாடியில் உள்ளே கால் வைக்கும்போது கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள், கதவு திறந்தபடியே லிஃப்ட் நகர்ந்துவிட்டது. ஆட்கள் ஓடி வருவதற்குள் நான் அந்த ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவனை அடக்கம் செய்த மூன்றாம் நாள், ஒன்றும் செய்யத் தோன்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது விடை தானாக வந்தது. லிஃப்ட் மத்தியானத்தில் மட்டும்தான் நின்றது, மோட்டார் அறை ஜன்னல் வழியாக வெயில் மின்பெட்டிமேல் விழுந்து அதைச் சூடாக்கும் நேரம் அது. ஜன்னலில் ஒரு பழைய துணியைத் தொங்கவிட்டிருந்தால் போதும் அம்மா. பதறாத காரியம் சிதறாது என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எங்கே கற்றேன் என்று சொன்னதில்லை. நான் எங்கே போனாலும் படியேறியே போவதை உடற்பயிற்சி என்று உன் அம்மா பெருமையடிக்கிறாள். படியிலும் அவன் என் பின்னால் வருவதுபோலத்தான் இருக்கிறது.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து உன் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். அவள் தம்பி அவன், அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். நீ தீர்க்காயுசாக இரு, உன் கைபட்ட ரயிலில் போகிறவர்களும் நன்றாக இருக்கட்டும். மறக்காதே, சோதனையை நிறுத்தியிருந்தால் முதலில் அதைத் திரும்பப் போடு. அதற்குப் பிறகு படு.

இப்படிக்கு,
உன் மாமாவைக் கொன்ற,
உன் அப்பா