ஆதாரம் இல்லாத சிலுவைக் குறி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
3.8.2024

மதிப்புக்குரிய மர்ஜானா அம்மாள் அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவன் எழுதுகிறானே என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் பெயர் ஆர்தர். துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிராணியாகப் பேனா பிடித்து ஓய்வு பெற்றவன். எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடும் குடும்ப வரலாற்று வட்டத்தில் நானும் ஓர் உறுப்பினர். மொத்தம் பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்குக் காது கேட்காது. ஞானஸ்நானம், திருமணம், கல்லறை என்று பழைய பதிவேடுகளைப் புரட்டி அவரவர் வம்சாவளியைப் பெரிய தாளில் வரைந்து வருகிறோம். இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் சிறிய சிலுவை போடுவது எங்கள் முறை.

என் தாளை எங்கள் தலைவர் கிளிஃபர்ட் சென்ற மாதம் திருத்தினார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், சிவப்புப் பேனாவை இன்னும் விடவில்லை. "ஆர்தர், உங்க அக்கா லினெட் பேருக்குப் பக்கத்துல சிலுவை போட்டிருக்கீங்களே, பேப்பர் எங்க? பேப்பர் இல்லாம சாவு இல்லலா" என்றார்.

என்னிடம் இருந்தது அப்பாவின் வேதாகமம் மட்டும்தான். அதன் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. லினெட், பிறப்பு 1944. பக்கத்தில் சிலுவை, 14.7.1963. கல்லறைப் பதிவேட்டில் முன்னும் பின்னும் மூன்று வருடம் தேடினேன். அந்தப் பெயரில் யாரையும் அடக்கவில்லை.

பிறகு ஷேக் அலாவுதீன் என்பவர் உதவினார். தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் நிக்காஹ் விவரங்களைச் சேகரிப்பவர், எங்கள் கூட்டத்துக்கும் வந்துபோவார். தேதியைக் கேட்டதும் தன் நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். "அண்ணே, அன்னிக்கு மையத்து அடக்கம் இல்ல, கல்யாணம்" என்றார். மாப்பிள்ளை ஹைதர், டெலிபோன் லைன்மேன். பெண் மர்ஜானா, முன்பு லினெட். இந்த விலாசமும் அவர் தேடித் தந்ததுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா இறந்துவிட்டதாகத்தான் வீட்டில் சொன்னார்கள். அந்த லினெட் தாங்கள்தானா என்று ஒரு வரி தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
ஆர்தர்

*

பாலிக் புலாவ்
19.8.2024

ஆர்தருக்கு,

எந்தக் கடிதத்தையும் சலாம் சொல்லித்தான் தொடங்குவேன். உனக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது இது.

மர்ஜானா அம்மாளாம், தாங்களாம்! உன் மூக்கைச் சிந்திவிட்ட கைடா இது. நான்தான். சாகவில்லை. எண்பது வயது, சர்க்கரை, இரண்டு முட்டியும் போச்சு. ஆனால் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள்.

கல்யாண நாளைச் சாவு நாளாக எழுதிவைத்தாரா அப்பா? நல்ல மனுஷன். அன்றைக்கு என் மாமியார் சமைத்த பிரியாணியை நினைத்தால் இன்றும் நாக்கில் தண்ணீர் ஊறும். செத்தவளுக்கு அப்படிப் பசித்தது!

நானும் ஹைதரும் ஒரே டெலிபோன் ஆபீஸ். நான் உள்ளே லைன் கொடுப்பேன், அவர் வெளியே கம்பத்தில் ஏறுவார். பிறகு பாலிக் புலாவில் அவர் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டோம். நாலு ஜாதிக்காய் மரம், ஒரு மகள் ஃபஸீலா, ஒரு மகன் ஷஃபீக். அவர் போய்ப் பதின்மூன்று வருடம் ஆகிறது. கட்டியவளை ஒரு நாள் கண் கலங்கவிட்டதில்லை. இதையும் உன் நோட்டில் எழுதிக்கொள்.

இப்போது நீ எழுதிய பொய்க்கு வருகிறேன். பத்து வயதில் சொன்னார்கள், நம்பினாய். சரி. 1984இல் உனக்கு முப்பத்தொரு வயது. அம்மா செத்து, பெட்டியில் கிடந்தாள். ஃபஸீலாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றேன். வந்தது நீ. என் முகத்தைப் பார்த்தாய். நன்றாகத்தான் பார்த்தாய். "யாரு நீங்க? வீடு மாறி வந்துட்டீங்க" என்றாய். நாங்கள் திரும்பி நடந்தோம். "ஏம்மா, வீடு தெரியாமலா வந்தே?" என்று பிள்ளை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இதற்கு என்ன பேப்பர் வேண்டுமாம் உங்கள் தலைவருக்கு?

மர்ஜானா

*

ஆயர் ஈத்தாம்
27.8.2024

அன்பு அக்காவுக்கு,

அக்கா என்று எழுத எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், அடிக்காதீர்கள்.

பொய்தான். நீங்கள் உயிரோடு இருப்பது எனக்கு அன்றே தெரியும். அப்பா எனக்குப் பின்னால் ஜெபமாலையோடு நின்றிருந்தார். "யாருடா அது?" என்று கேட்டார். அக்கா என்று சொல்லியிருந்தால் பெட்டியை மூடச் சொல்லியிருப்பார், சண்டை வந்திருக்கும், ஊர் பார்த்திருக்கும் என்று நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். அதெல்லாம் சும்மா. பயந்தேன். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், மரித்தோர் நாள் பூசையில் வாசிக்கும் பட்டியலில் உங்கள் பெயரை அப்பா எழுதிக் கொடுப்பார். 1999இல் அப்பா போனார். அதன்பிறகு நானே எழுதிக் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன், அக்கா. அந்த ஒரு இடத்தில்தான் உங்கள் பெயரை யாராவது சத்தமாகச் சொல்லிக் கேட்க முடிந்தது. வீட்டில் சொல்லத் தடை. வெளியே யாரிடம் சொல்ல?

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், அப்புறம் வயதாகிவிட்டது. பதினோராவது மாடியில் ஒற்றை அறை வீடு. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் திங்கட்கிழமை ரொட்டிக் கடைக்காரரிடம் பேசும் வரை என் குரலை நானே கேட்பதில்லை. வட்டத்தில் மற்றவர்களின் தாளெல்லாம் கீழே கீழே கிளை விட்டுப் போகிறது. என்னுடையது என்னோடு நின்றுவிட்டது. "ஆர்தருக்குச் சின்ன ஃபிரேம் போதும்" என்று கிளிஃபர்ட் கேலி செய்தார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆயர் ஈத்தாமில் பஸ் ஏறினால் மலையைச் சுற்றி முக்கால் மணி நேரத்தில் உங்கள் ஊர். ஒரே தீவில்தான் இருக்கிறோம். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா? வாசலில் நின்றே பேசினாலும் போதும்.

தம்பி,
ஆர்தர்

*

பாலிக் புலாவ்
20.9.2024

தம்பி ஆர்தர்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்று மூன்று வாரம் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் உன் முதல் கடிதத்தை ஃபஸீலா படித்துவிட்டாள், இரண்டாவதை நான் அவளுக்குக் காட்டவில்லை. டீச்சர் இல்லையா, தமிழ் எழுத்தைக் கண்டால் விடமாட்டாள். "எனக்கு ஒரு மாமா இருக்காரா? இவ்ளோ பக்கத்துலயா?" என்று துள்ளுகிறாள். ஐம்பது வயதாகப் போகிறது அவளுக்கு! அத்தா பக்கத்தில் சொந்தம் நிறைய, அம்மா பக்கத்தில் சுழியம் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு குறை. கேட்டில் நின்ற ஆள்தான் இந்த மாமா என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நாற்பது வருடக் கோபத்தை ஒரு கடிதத்தில் கரைத்துவிட முடியாது, தம்பி. ஆனால் பயந்தேன் என்று எழுதினாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. நம் வீட்டில் யாரும் அப்படி ஒப்புக்கொண்டதில்லை.

வா. ஆனால் வரும் முன் இரண்டு காரியம் செய்.

முதலில், செத்தவர்கள் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிடு. யா அல்லாஹ், அறுபது வருடமாகவா எனக்குப் பூசை? அதனால்தான் முட்டி இப்படி வலிக்கிறதோ என்னமோ.

அப்புறம் உன் தாள். சிலுவையை அழித்தால் மட்டும் போதாது. லினெட் என்று எழுதி அங்கேயே நிறுத்தினால் அது பாதிப் பொய். மர்ஜானா என்று எழுது. ஹைதர் பெயரை எழுது, பிள்ளைகள் பெயரை எழுது. உங்கள் கோயில் மண்டபத்துச் சுவரில் அவர் பெயரும் நம் அப்பா பெயரும் ஒரே தாளில் இருக்க வேண்டும். முடியாது என்றால் என் பெயரை மொத்தமாக விட்டுவிடு, எனக்கு வருத்தமில்லை.

சாப்பாட்டுக்கு என்ன பிடிக்கும் என்று ஃபஸீலா கேட்கச் சொன்னாள். மாசிச் சம்பல் சாப்பிடுவாயா? சின்னப் பிள்ளையில் காரம் தாங்கமாட்டாய், மூக்கு ஒழுகும்.

அக்கா

*

ஆயர் ஈத்தாம்
3.11.2024

அன்பு அக்கா,

கடைசியில் அக்கா என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், மழையில் நனைந்து மை கொஞ்சம் ஓடிவிட்டது. மன்னிக்கவும்.

நேற்று மரித்தோர் நாள் பூசை. பட்டியலைக் கடைசிப் பெயர் வரை கவனமாகக் கேட்டேன். உங்கள் பெயர் வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்து பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தாளையும் திருப்பி எழுதிவிட்டேன். மர்ஜானா, ஹைதர், ஃபஸீலா, ஷஃபீக். இடம் போதாமல் எழுத்து கொஞ்சம் பொடியாகிவிட்டது. கிளிஃபர்ட் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டினார். "இப்ப பெரிய ஃபிரேம்தான் வேணும்" என்றார்.

வரும் சனிக்கிழமை, 9ஆம் தேதி, எல்லாருடைய தாளையும் மண்டபத்தில் மாட்டிப் பொதுமக்களுக்குக் காட்டுகிறோம். ஷேக் அலாவுதீன் தன் ஆட்களையும் அழைத்து வருகிறார். மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் பார்க்க வருவார்கள். முட்டி வலியில் நீங்கள் வர முடியாது என்று தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. எல்லாம் முடிந்து 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.

மாசிச் சம்பல் சாப்பிடுவேன் என்று ஃபஸீலாவிடம் சொல்லுங்கள். மூக்கு ஒழுகினால் ஒழுகட்டும். மாமா என்று ஒருத்தி கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, அக்கா. அவள் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்று இப்போதிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பி,
ஆர்தர்

*

பாலிக் புலாவ்
16.11.2024

ஆர்தருக்கு,

நான் வந்திருந்தேன்.

சொல்லாமல் வந்து உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று ஃபஸீலாதான் ஆசைப்பட்டாள். காரை நிறுத்த இடமில்லை. என்னை மண்டப வாசலில் இறக்கிவிட்டு அவள் இடம் தேடிப் போனாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியாகத்தான் உள்ளே வந்தேன். உன்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்பாவின் வழுக்கை, அம்மாவின் காது. நீ என்னைப் பார்த்து "மாசுக், மாசுக், புவான்" என்று மலாயில் வரவேற்றாய். எனக்குள் ஒரே சிரிப்பு. சரி, இவன் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறான் பார்ப்போம் என்று பேசாமல் உன் தாளுக்கு முன்னால் போய் நின்றேன்.

எழுதியிருந்தாய். சொன்னபடி எல்லாம் எழுதியிருந்தாய். ஹைதர் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தேன். பொடி எழுத்துதான், ஆனாலும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன்.

அப்போது அந்த ரோசம்மா வந்தாள். நம் தெருக்காரி, அம்மாவோடு கோயிலுக்குப் போவாளே, அவள். கண் தெரியவில்லை போலிருக்கிறது, தாளில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "என்னப்பா ஆர்தர், லினெட்டுக்குக் கீழ என்னென்னமோ எழுதியிருக்கு? அவ செத்துட்டால்ல?" என்று கேட்டாள்.

நீ இந்தப் பக்கம் பார்த்தாய். நான் முக்காட்டோடு நின்றிருந்தேன். இந்த மலாய்க்காரம்மாவுக்குத் தமிழா தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாய். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் மாதிரி, நிதானமாக, நல்ல தமிழில் சொன்னாய்: "ஆமாக்கா, செத்து ரொம்ப நாளாச்சு. அது வேற யாரோடதோ, எழுத எடம் இல்லாம அங்க வந்துடுச்சு."

அப்புறம் என் பக்கம் திரும்பி, தட்டை நீட்டி, கறி பஃப் எடுத்துக்கொள்ளச் சொன்னாய். ஹலால்தான், பயப்பட வேண்டாம் என்றும் மலாயில் சொன்னாய். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நன்றியும் சொன்னேன், மலாயில்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஆர்தர். வந்திருந்தால் அங்கேயே கைத்தடியால் ஒன்று போட்டிருப்பேன். ரொம்பச் சோர்வாக இருந்தது. நடந்து வாசலுக்கு வந்தேன். ஃபஸீலா எதிரே ஓடி வந்தாள், கையில் உனக்காக வாங்கிய சட்டை. "என்னம்மா, மாமாவப் பாத்தியா?" என்றாள். என்ன சொல்வது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. "இல்லடி, போன வாரம்தான் மவுத்தாயிட்டாராம்" என்று வாய் சொல்லிவிட்டது.

அவ்வளவு சுலபமாக வருகிறது, செத்துவிட்டார் என்கிற அந்தச் சொல். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று கார் ஏறும்போது எனக்குப் புரிந்தது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பயமாக இருந்தால் ஆளைக் கொன்றுவிட்டால் போதும், அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நானும் உன்னைவிடப் பெரிய ஆள் இல்லை. நம் அப்பா பெற்ற பிள்ளைகள்தானே இரண்டு பேரும்.

ஃபஸீலா பாலிக் புலாவ் வரும் வரை அழுதாள். பார்க்காத மாமாவுக்காக அப்படி அழுதாள். நேற்று வெள்ளிக்கிழமை உன் பெயரைச் சொல்லி யாசீன் ஓதினாள், அக்கம்பக்கத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொன்னேன். வேறென்ன செய்ய? உண்மையைச் சொன்னால் கேட்டில் நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவளுக்கு மாமா இல்லாமல் போனால் தாங்குவாள். இப்படி ஒரு மாமா இருந்தால் தாங்கமாட்டாள்.

24ஆம் தேதி வராதே. உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமையாவது யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடு.

தபால்காரர் வரும் நேரம் ஃபஸீலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவாள். கேட்டில் கடிதத்தை வாங்குவது அவள்தான், உன் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அதனால் இனி எழுதாதே, தம்பி.

அக்கா