தெருவே போட்ட மார்க்

2007 பிப்ரவரி, செவ்வாய்

களப்பணி நோட்டின் கடைசிப் பக்கத்தில் சொந்த விஷயம் எழுதுவது தவறுதான். வேறு தாள் இல்லாததால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

இன்று பட்டினச்சேரி மீனவர் தெருவில் செல்வி அக்காவிடம் கேட்டுப் படிவம் நிரப்பினேன். களப்பணிக்கு வரும் சமூகப்பணி மாணவிகளால் ஊருக்கு என்ன பயன் என்பதுதான் என் ஆய்வு. அக்கா வலைமேல் நெத்திலியைப் பரப்பிக்கொண்டே, நான் கேட்டு முடிக்குமுன் பதில் சொன்னார்.

"ரொம்ப உதவின்னு போட்டுக்க பாப்பா."

"என்ன உதவி செஞ்சாங்கக்கா?"

"எழுதிக்கிட்டுப் போனாங்க. வேறென்ன?" என்று சிரித்தார். "போன வருசம் வந்த புள்ள, நாங்க சொல்றத வச்சுத்தான் மார்க்குன்னு அழுதுச்சு. அதுலேருந்து தெருவுல எல்லாரும் நல்லாத்தான் சொல்றோம். நீயும் பாஸாவணும்ல?"

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பையிலிருந்த படிவங்கள் எல்லாவற்றிலும் அதே கட்டத்தில்தான் டிக் இருந்தது.

மாலையில் என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். "முடிவு பிரமாதமா வருதே! வெள்ளிக்கிழம டைப்புக்குக் குடுத்துடுங்க" என்றார். தலையாட்டினேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த ஆய்வு நின்றால் மேற்படிப்பும் நிற்கும். மேடத்திடம் கேட்க நினைத்ததைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். இங்கேயாவது கேட்டுப் பார்க்கிறேன்.

மேடம், இந்தப் படிவங்கள் வேண்டாம். என் மார்க் அவர்கள் கையில் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, மறுபடியும் போய்க் கேட்கிறேன். ஒரு மாதம் கொடுங்கள்.