சுல்தான் குடும்பத்து ஜாதகம்

12-2-2006

காலையில் தண்ணீர் வரவில்லை. வந்தது ஒரு செய்திதான். என் மகன் ஹரிகிருஷ்ணன் அல்சேஷன் நாய்க்குட்டி வாங்கப் போகிறானாம். சும்மா குட்டி இல்லை, போட்டியில் கப் வாங்கிய நாயின் குட்டி. எதிர்வீட்டுக் கலியபெருமாள் பொசுபொசுவென்று ஒரு வெள்ளை நாய் கொண்டுவந்ததிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம் என்றாள் மருமகள் மாலா. யார் கேட்டார்கள்?

நான் ஒன்றுதான் சொன்னேன். மூன்று தலைமுறை விசாரித்துவிட்டு வாங்கு. பெண் எடுத்தாலும் கன்று வாங்கினாலும் இந்த வீட்டில் விசாரிக்கிறவள் நான். இதற்கும் நானே வருகிறேன்.

19-2-2006

கனகசெட்டிக்குளம் போகிற வழியில், குட்டி விற்கிற பலராமன் வீடு. கூடம் முழுக்கக் கப்பு. சாமி படம் வைக்கக்கூட இடம் இல்லை. எங்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டான். சொந்த வீடா, சுற்றுச்சுவர் உண்டா, பகலில் யார் இருப்பார்கள். என்னைக் கட்டிக் கொடுத்தபோது எங்கள் அப்பா இதில் பாதிகூடக் கேட்கவில்லை.

தாயைக் காட்டு என்றேன். பின்பக்கம் கம்பிவலைக்குள் படுத்திருந்தது. மடி தரையில் கிடந்தது. வயது மூன்று என்றான். எத்தனை ஈத்து என்று கேட்டேன். அப்பன் சுல்தான் சென்னையில் வாங்கிய கப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

பதினெட்டாயிரம். கூடவே ஒரு காகிதம் கொடுத்தான், குட்டியின் ஜாதகம். அப்பன் வழி, அம்மா வழி, எல்லாம் கட்டம் கட்டமாக. போட்டியில் ஜெயித்த நாய்களின் பேர் சிவப்பு எழுத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டு சிவப்பை எண்ணினேன். ஏழு. “நல்ல குடும்பம்டா, முடி” என்று நான்தான் சொன்னேன்.

குட்டிக்குக் காகிதத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர். வீட்டில் பிரின்ஸ்.

3-3-2006

பிரின்ஸ் பாக்கெட் சோறுதான் தின்பாராம். என் கையால் தொட்ட சோறு ஆகாதாம். சரி, துரை.

11-7-2006

நாலு நாளாகக் குட்டி ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தத்துகிறது. மாடி ஏறவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கத்துகிறது. கலியபெருமாள் வாசலில் நின்றுகொண்டு, “என்னக்கா, பதினெட்டாயிரம் குடுத்து முயலா வாங்கினீங்க?” என்றான். ஹரி உள்ளே போய்விட்டான். நான் போகவில்லை. வாசலைப் பெருக்கிப் புழுதியை அவன் பக்கம் தள்ளினேன்.

பாலத்துக்கு அடியில் ஒரு தெருநாய் ஏழு குட்டி போட்டிருக்கிறது. ஜாதகம் இல்லாத கழுதைகள். ஏழும் மணல் லாரிக்கு முன்னால் ஓடுகின்றன.

14-7-2006

மாட்டாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தில் உட்காரவே இல்லையாம். டாக்டரம்மா சின்னப் பெண். வளர்ப்பில் கோளாறு இல்லை, பரம்பரையாக வருவது என்றாள். ஆபரேஷன் என்றால் சென்னைக்குப் போகணும், வாங்கிய விலைக்கு மேல் ஆகும். இல்லாவிட்டால் எடை ஏறாமல் பார்த்து, மாத்திரை கொடுத்து, நீந்தவிட்டு, கடைசிவரை நொண்டியாக வைத்துக்கொள்ளலாம்.

பரம்பரை என்ற சொல் வீடு வரை கூடவே வந்தது.

சாமி அறையில் வைத்திருந்த காகிதத்தை எடுத்தேன். நான் படித்தது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில், அஞ்சாவது வரைக்கும். ஆ, பே, சே, தே என்று அவன் மாதிரி எழுத்துக் கூட்டினால் எந்தப் பெயரும் எனக்கு வரும். கூட்டினேன். அப்பன் இருக்கிற கட்டத்தில் சுல்தான். சரி. தாயைப் பெற்றவன் கட்டத்துக்குப் போனேன். எஸ், உ, எல், தே, ஆ, என்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதே சுல்தான். அப்பனும் அவன், அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அவன். பெற்ற மகளையே கட்டியிருக்கிறான் படுபாவி. கட்டிவைத்தவன் கப்பு வாங்குகிறான்.

மூன்று தலைமுறை கேட்ட மகாராணி நான். பிப்ரவரி மாசம் என் கண்ணுக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது.

15-7-2006

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாவிட்டால் எங்கே சொல்ல?

நானும் என் தாய்மாமனைத்தான் கட்டினேன். அரைக்காணி நஞ்சை வெளியே போகக் கூடாது என்று. மூத்தவள் கமலவேணிக்குக் கால் பின்னிக்கொண்டே இருக்கும். நாலு வயதில் போய்விட்டாள். சாமி குத்தம் என்றார்கள். அடுத்ததும் தங்கவில்லை. அப்புறம்தான் இவன். குப்பையில் புரட்டி எடுத்து, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தோம் — இளக்காரமான பொருள் என்று எமன் தொடாமல் போகட்டும் என்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் ஹரிகிருஷ்ணன் ஆனான். பழைய பெயரை யாராவது சொன்னால் இன்னும் மூஞ்சி தூக்குவான்.

யாரைக் கேட்பது நான்? பலராமனையா, எங்கள் அப்பாவையா?

23-7-2006

ஹரி போன் போட, பலராமனே வீட்டுக்கு வந்தான். குட்டியை நடக்கவிட்டுப் பார்த்தான். தொடவில்லை. அவனிடம் எழுதின கண்டிஷன் இருக்கிறது. குறை இருந்தால் ஆறு மாசத்துக்குள் குட்டியையும் ஒரிஜினல் ஜாதகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஈத்தில் வேறு குட்டி எடுத்துக்கொள்ளலாம். குக்கருக்கு வாரண்டி கார்டு மாதிரி. ஹரி முகம் தெளிந்துவிட்டது.

“இத என்னப்பா பண்ணுவ?” என்று கேட்டேன்.

“ஒரே ஊசிமா. கஷ்டம் தெரியாது.”

“அடுத்த ஈத்துக்கும் அப்பன் சுல்தான்தானா?”

“வெளியே குடுத்தா லைன் கெட்டுடும்மா. அந்த மொகம், அந்த முதுவு வராது.”

“எங்க ஊட்டுலயும் அப்பிடித்தான் சொன்னாங்க” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஹரிக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். குனிந்துகொண்டே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன் சார் என்றான்.

பேத்தி சுடர்விழி சாப்பிடவில்லை.

29-7-2006

ஜாதகத்தை நாய் தின்றுவிட்டது.

30-7-2006

ஹரி பீரோவை எல்லாம் கொட்டித் தேடினான். நாய் தின்னுடுச்சுடா என்றேன். அந்தக் காகிதம் எப்படி அதன் வாய்க்குப் போனது என்றான். நெய் வாசனைக்குப் போயிருக்கும் என்றேன். காகிதத்தில் ஏது நெய்?

“நான்தான் தடவினேன்.”

ஒரிஜினல் இல்லாமல் மாற்றித் தர முடியாது என்று பலராமன் போனிலேயே முடித்துவிட்டான். ஏழு சாம்பியனும் மென்று முழுங்கியாயிற்று, இன்றைக்கோ நாளைக்கோ கொல்லையில் வந்தும்விடும். “பதினெட்டாயிரம்மா” என்று ஹரி உட்கார்ந்துவிட்டான். அவன் காசுதான், இல்லை என்று சொல்லவில்லை. என் வளையலைக் கழற்றி மாலா கையில் கொடுத்தேன், மருந்துக்கு. அவள் வாங்கவில்லை.

இனி இதற்குப் பிரின்ஸ் இல்லை, மண்ணாங்கட்டி என்று சொன்னேன்.

“என் பேர நாய்க்கு வைக்கிறியா?”

“ஒனக்கு வச்சேன், நீ நின்ன. இதுவும் நிக்கட்டும்.”

17-8-2006

ஹரி என்னோடு பேசி பதினெட்டு நாள் ஆகிறது. நாளுக்கு ஆயிரம் என்று கழிக்கிறான் போல.

10-9-2006

சுடர்விழியும் நானும் ஆட்டோவில் கடலுக்குப் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் பிடித்துக்கொண்டாள். நாலு காலையும் போட்டு அடிக்கிறது, நொண்டியா என்று தெரியவே இல்லை. தன் வீட்டுக்கு ஒரு குட்டி கொடுப்பீர்களா என்று ஆட்டோக்காரர் கேட்டார், ஜாதி நாய் போலிருக்கிறதே என்று. இதோடு நிறுத்தியாச்சுப்பா, காயடித்துவிட்டோம் என்றேன்.

22-1-2007

பேப்பரில் பலராமன் படம். சுல்தானுக்கு இன்னொரு கப். முகமும் முதுகும் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் என்ன பொய். அந்தத் தாய் படத்தில் இல்லை.

கிரைண்டர் காசு இந்த மாசமும் மாத்திரைக்குப் போயிற்று. மாலா முணுமுணுத்துக்கொண்டே மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுக்கிறாள்.

சாயங்காலம் கேட் திறந்து கிடந்தது, நாயைக் காணோம். நான் தெருவுக்கு ஓடினேன். கலியபெருமாள் வாசல், பால்காரர், டியூஷன் பிள்ளைகள், எல்லாரும் இருக்கிற நேரம். ஆபீசிலிருந்து வந்த ஹரி செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனை வரை போனான். அங்கே நின்று, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, தன் பழைய பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டான்.

தத்தித் தத்தி வந்தது.