ஆற்றங்கரை வீட்டின் நான்கு கொக்கிகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இங்கே மூவரும் நலம், உன் இருமல் நின்றதா என்பதுதான் கவலை என்கிறாள் அம்மா.

நீ எங்களுக்காக வாங்கிய வீட்டை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். சுற்றிப் பார்க்க அந்த ஊருக்கு யாருமே போவதில்லை போலிருக்கிறது. கண்டக்டர் எங்களைப் பார்த்து, "பஸ் மாறி ஏறிட்டீங்களா?" என்று கேட்டார். கடைசி நிறுத்தத்தில் நாங்கள் மட்டும்தான் இறங்கினோம். ஒரே தெரு, அதை ஒட்டியே ஆறு, சத்தமில்லாமல், அவ்வளவு அகலமாக. நீ சொன்னபடியே அமைதி. ஒரு சைக்கிள் மணி அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. மளிகைக் கடையில் மட்டும் அலமாரிகள் என் தோளுக்கு மேலேதான் தொடங்குகின்றன, கடைக்காரர் முக்காலி போட்டு ஏறி சோப்பு எடுத்துத் தந்தார். விசித்திரமாக இருந்தது, ஆனால் நான் கேட்கவில்லை.

வீடு அழகு. கூடத்து விட்டத்தில் நான்கு பெரிய இரும்புக் கொக்கிகளைப் பார்த்ததும், ஊஞ்சலுக்கென்றே போட்டிருக்கிறார்கள், இனி உங்கம்மா ராணி மாதிரி ஆடலாம் என்று அப்பா குதித்தார். உனக்குப் போன் செய்து, சொர்க்கம்டா என்று சொன்னாரே, அது அப்போதுதான். போனை வைத்த பிறகு எதிர்வீட்டில் துணி தேய்க்கும் அக்கா வந்தாள். "ஊஞ்சலா? நல்லா இருக்கே கதை! ஆறு உள்ள வந்தா கட்டிலையும் பீரோவையும் கயிறு கட்டித் தூக்கத்தான் சார் கொக்கி. வருஷா வருஷம் வரும். மத்த வீட்ல ரெண்டுதான், உங்களுக்கு நாலு, கொடுத்து வெச்சவங்க" என்று சிரித்தாள். தண்ணீர் எதுவரை வரும் என்று அம்மா கேட்டதற்கு, அம்மாவின் கழுத்தருகே கையை வைத்துக் காட்டினாள்.

இதை எழுதாதே என்கிறார் அப்பா. பையன் ரெண்டு வருஷம் தேடிப் பிடிச்ச வீடு, பத்திரமும் முடிஞ்சுபோச்சு, மனசு உடைஞ்சிடுவான் என்கிறார். எழுதாம விட்டா ஆறு வராதா என்று கேட்ட அம்மா, பிறகு அவளே, எழுதினாத்தான் அவன் என்ன பண்ணுவான் பாவம் என்கிறாள். நாங்கள் இப்போது இருக்கும் இந்த வீட்டுக்கு அடுத்து வரப்போகிறவர்கள் ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்றாம் தேதிக்குள் நாங்கள் கிளம்ப வேண்டும். எந்தக் கொக்கியில் எதைத் தொங்கவிடுவது என்று அப்பா என் நோட்டில் படம் போடுகிறார்: கட்டில், பீரோ, தையல் மெஷின், என் புத்தகப் பெட்டி. அம்மா எட்டிப் பார்த்து, "அப்ப நாம எங்க தொங்குறது?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு குளிரில் போகாதே, எங்களை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, நூறு வயது நன்றாக இரு என்று அம்மா ஆசி சொல்கிறாள். புது முகவரி பின்பக்கம் இருக்கிறது. இனி அதற்கே எழுது.

இப்படிக்கு,
அம்மா
(இடது கையால் அவளே போட்டது)

பி.கு.: எழுதியதை இருவருக்கும் படித்துக் காட்டினேன். கொக்கி வந்த இடத்தை அடித்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. அனுப்பு என்றும் சொல்லவில்லை. அப்பா எழுந்து விளக்கை அணைத்துவிட்டார். இதை ஜன்னலோரம் தெரு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.