டிவியில் வந்த சோடா

ஞாயிறு, திண்டிவனம்.

சமையல்கட்டில் இருந்தது மூன்று பேர்: நான், பதினாறு வயது மகள் ஸ்டெல்லா, விழுப்புரத்திலிருந்து வந்த நாத்தனார் மேரி.

மேரிதான் ஆரம்பித்தாள். "அண்ணி, லீவுல எங்க வீட்ல இருந்தப்ப, உங்க பொண்ணு பிரெண்டு பர்த்டேல பீர் குடிச்சிக்கினு வந்தா."

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். ஸ்டெல்லா தலையைக்கூடக் குனியவில்லை.

"டிவில கிரிக்கெட்டுக்கு நடுவுல விளம்பரத்துல தினம் வர்ற பேருதாம்மா. தம்பி கோயில்ல முதல் அப்பம் வாங்கின புதுநன்மை விருந்துக்கு நீயே அந்தப் பேரு சோடாதானே வாங்கி எல்லாருக்கும் ஊத்தின? தெரிஞ்ச பேரா இருந்திச்சு. பயமே வரல."

"அது வெறும் சோடாடி."

"பீர் பாட்டில்லயும் அதே எழுத்து, அதே கலரும்மா."

மேரி சிரித்தாள். "பீர் விளம்பரம் போடக்கூடாதுன்னு சட்டம், அதான் அண்ணி அதே பேர்ல சோடான்னு போடறானுங்க. இதுகூடவா தெரியாது?"

தெரியாது. டிவியில் வருகிறதே, சுத்தமாக இருக்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். கோயில் விருந்தில் பிள்ளைகள் கையில் நானே அந்தப் பேரைக் கொடுத்திருக்கிறேன்.

லாரி ஓட்டப் போயிருக்கும் என் வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் படிப்பை நிறுத்திவிடுவார். மறைத்தால் அவள் மறுபடி குடிப்பாளோ என்று பயமாக இருக்கிறது. மாதாவே, புதன்கிழமை அவர் வந்துவிடுவார். அதற்குள் எனக்கு ஒரு பதில் சொல்லும்மா.