பதினொரு பெயர்கள்

1991 ஏப்ரல் 8, திங்கள்
பேத்தி சுலக்சனாவுக்கு அரை நாள் வகுப்பு. விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், உடனே கூட்டிவரப் புறப்பட வேண்டும். அதனால் பள்ளிக்கூட ஒஃபிஸ் வாசலில் இருக்கும் நீட்டு மர வாங்கிலேயே இருந்துவிடுகிறேன். எல்லாரும் "குட் மோர்ணிங்" என்று காது கேளாதவனுக்குச் சொல்வதுபோல் உரத்துச் சொல்லுகிறார்கள். தலையை ஆட்டுவேன். எனக்கு எழுத்துத் தெரியாது. மகள் புஸ்பராணி நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

ஏப்ரல் 9
ஒஃபிஸ் கதவு திறந்திருந்தது. பிள்ளைகளுக்கு வகுப்புப் பிரிக்கிற கவுன்சிலர் வில்கின்ஸ், கிளார்க் பெட்டைக்குப் பட்டியல் வாசித்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் யார் யார் ஹைஸ்கூலில் பேசிக் வகுப்புக்கு என்று. அதில் போட்டால் யூனிவர்சிட்டி இல்லை, அது அட்வான்ஸ் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். பதினொரு பெயர். ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள், இரண்டு எங்கட பிள்ளைகள். ஏழாவது மார்சியா! எங்கள் மாடியில் எதிர்வீட்டு மிஸஸ் கிரான்ற்றின் மகள். எனக்கு வரும் கடிதமெல்லாம் வாசித்து விளங்கப்படுத்துகிறவளே அவள்தான்.

"சோதனை இருபத்திரண்டாம் திகதிதானே?" என்று கிளார்க் கேட்டாள்.
"வரட்டும். புள்ளியைப் பிறகு பக்கத்தில போடுவம்."
அவள் என்னைப் பார்த்தாள்.
"அவருக்கு ஒண்டும் விளங்காது" என்றார் வில்கின்ஸ்.

திருகோணமலை டொக்யார்டில் பதினெட்டு வருசம் வெள்ளைக்காரனுக்குக் கீழே கிரேன் ஓட்டினவன் நான். அவன்ட ஏச்சிலேயே இங்கிலீஷ் படித்தவன்.

ஏப்ரல் 10
புஸ்பராணியோடு சண்டை. "ஐயா, எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வாயைத் திறந்து, திருப்பி அனுப்பினாங்கள் எண்டா?"

நியாயந்தான். ஆனால் நான் இவளுக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கு எட்டு வயது. மிசன் பள்ளிக்கூடத்தில் எங்கள் சாதி ஆட்களின் பிள்ளைகள் நிலத்தில். மற்றவர்கள் வாங்கில். புதிதாக வந்த மாஸ்டர் எங்களையும் வாங்கில் இருத்தினார். மூன்று நாள் இருந்தேன். நாலாம் நாள் பள்ளிக்கூடத்தை எரித்துவிட்டார்கள். என் படிப்பு அவ்வளவுதான். யார் எரித்தது? பெயர் எல்லாம் தெரியும். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புஸ்பராணி பேனையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். திரும்பி வந்து, "அந்த மிஸஸ் பிரான்சிஸிட்டப் போங்கோ" என்றாள்.

ஏப்ரல் 11
மிஸஸ் பிரான்சிஸ் உப அதிபர். கறுப்பினப் பெண், பார்படோஸ் ஆள். கறுப்பினப் பிள்ளைகளைப் பேசிக்கில் தள்ளாதே என்று நாலு வருசமாக மீற்றிங் மீற்றிங்காகக் கத்துகிறவர். நான் இங்கிலீஷில் தொடங்க அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.
"மிஸ்டர் சீமோன், இவ்வளவு நாளும் ஏன் பேசேல்லை?"
"நீங்கள் எல்லாரும் குட் மோர்ணிங்கோட நிண்டிட்டியள்."

பதினொரு பெயரையும் வரிசையாகச் சொன்னேன், எழுதினார். கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். கடதாசியை ஒஃபிஸ் மேசைக்குக் கொண்டுபோய், கடிதங்களுக்குத் திகதி குத்துகிற சீலால் டக்கென்று ஒன்று குத்தினார்.
"இப்ப பட்டியல் வரும்வரை பொறுத்திருப்பம்."

பொறுக்கிறதா! எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

ஏப்ரல் 22
சோதனை. லேசாம். மார்சியா லிஃப்டில் சொன்னாள்.

மே 3
கடிதம் வந்துவிட்டது. மிஸஸ் கிரான்ற் வேலை உடுப்போடேயே எங்கள் கதவைத் தட்டினார். "எண்பத்தொரு புள்ளி எடுத்த பிள்ளைக்கு பேசிக்காம், மிஸ்டர் சீமோன்." மார்சியா பின்னால் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 14
புஸ்பராணி, ஆறுதலாக எழுது.

பட்டியலைப் பற்றிக் கூட்டம், பள்ளிக்கூட நூலகம் நிறையப் பெற்றோர். பள்ளிக்கூடங்களை நடத்துகிற போர்ட்டிலிருந்தும் ஒரு அம்மா வந்திருந்தா. சோதனைப் புள்ளியை வைத்துத்தான் பட்டியல் போட்டது என்றார் வில்கின்ஸ். மிஸஸ் பிரான்சிஸ் எழும்பி என் கடதாசியையும் அவருடைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே பதினொரு பெயர், அதே வரிசை. ஆனால் சீலில் திகதி ஏப்ரல் 11.

"இது ஆரின்ர சீல்?" என்று போர்ட் அம்மா கேட்டா.
கிளார்க் பெட்டை மெல்ல, "எங்கடதான்" என்றாள்.
"இதை ஆர் குடுத்தது?" வில்கின்ஸின் கழுத்து சிவந்துவிட்டது.

நான் எழும்பினேன். கடதாசியை நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். முதல் பெயரைச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு தாய் எழும்பி நின்றார். இரண்டாவது பெயர். ஒரு தகப்பன். பிறகு சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஏழாவது, மிஸஸ் கிரான்ற். பதினோராவதுக்கு ஒருவரும் எழும்பவில்லை. பிறகு பின் மூலையிலிருந்து ஒரு குரல்: "ஐயா, அது என்ர மகன்." யாழ்ப்பாணத்து ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வில்கின்ஸ் கதிரையில் இருந்துவிட்டார். எழும்பின பெற்றோர் இருக்கவில்லை.

ஜூன் 6
பட்டியல் ரத்து. இனிப் பெற்றோரைக் கேட்காமல் ஒரு பெயரும் போடக்கூடாதாம். போன வருசத்துப் பட்டியல்களையும் பார்க்கிறார்களாம், பொறுப்பு மிஸஸ் பிரான்சிஸ். எங்கள் கேஸ் பற்றி ஒரு சத்தமும் இல்லை. புஸ்பராணி தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறாள்.

நான் வந்து வாங்கில் இருந்தால் இப்போது ஒஃபிஸ் கதவைச் சாத்துகிறார்கள்.

செப்ரெம்பர் 3
காலையில் பஸ் தரிப்பில் மார்சியா. ஹைஸ்கூல் முதல் நாள். கொப்பிக்குள்ளிருந்து வகுப்பு நேரசூசியை எடுத்து எனக்கு வாசித்தாள்: ஒன்பது மணிக்கு கணிதம், அட்வான்ஸ். பத்தேகாலுக்கு இங்கிலீஷ், அட்வான்ஸ். சாப்பாட்டுக்குப் பிறகு விஞ்ஞானம், அட்வான்ஸ். அறை 214.

"திருப்பி வாசிக்கட்டோ, கிராண்ட்பா?"

பஸ் வந்துவிட்டது. "ஒருக்காக் கேட்டாப் போதும், பிள்ளை" என்றேன்.