பவர் இல்லாத கண்ணாடி

என் வீட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் நலத்தைச் சனிக்கிழமை தோறும் நாலு லட்சம் பேரோடு சேர்ந்து திரையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். ஆரம்பமே குத்தலாக இருக்கிறதே, சண்டைக்கு வருகிறாளோ என்று நினைப்பீர்கள். சண்டைக்குத்தான் வருகிறேன். ஆனாலும் பாதியில் மடித்து வைக்காமல் முழுதும் படியுங்கள்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் 'அப்புறம் பேசறேம்மா' என்று வைத்துவிடுகிறீர்கள். மெசேஜ் அனுப்பினால் பதிலுக்கு ஒரு கும்பிட்ட கை வருகிறது. உங்கள் பக்கத்தை விளம்பரப் பிரிவுக்காரர்கள்தான் கவனிக்கிறார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அந்தக் கும்பிட்ட கை உங்களுடையதா, அங்கே வேலை பார்க்கும் யாரோ போட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்சல் என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு உங்களிடமே கொடுப்பார்கள். அதனால்தான் இப்படி. உள்ளே இருக்கும் சின்னப் பெட்டியை இப்போது திறக்காதீர்கள், கடிதம் முடிந்த பிறகு திறங்கள்.

வீட்டுச் செய்தி முதலில். குளியலறைக் குழாய் சரியாகிவிட்டது. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, 'ச' வராமல் காற்றாக வருகிறது. அவள் வகுப்பில் ஒருத்தி, உன் அப்பாவுக்கும் மின்னலுக்கும் கல்யாணமாமே என்று கேட்டிருக்கிறாள். இவள் வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல், 'அம்மா, மின்னல் ஆன்ட்டி நம்ம வீட்டுக்கு வருவாங்களா, இல்ல அப்பா அங்கயே இருந்துடுவாரா?' என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

பத்துப் பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விளையாடுவதை இரண்டு பேர் உட்கார்ந்து வர்ணிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று என் அப்பா கேட்டபோது உங்களுக்காக வாதாடியவள் நான். அந்த இரண்டாவது ஆள் ஒரு பெண் என்று தெரிந்தபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்குப் 'புரொபசர்' என்றும் அவளுக்கு 'மின்னல்' என்றும் பட்டம் வைத்தார்கள், சிரித்துக்கொண்டேன். கல்யாணம் ஆனவர் என்று தெரிந்தால் பார்க்கிறவர்களுக்கு ஆர்வம் குறையுமாம், ஒரு சீசன் மட்டும் வெளியே சொல்ல வேண்டாம் என்றீர்கள். அதற்கும் தலையாட்டினேன். இப்போது நடப்பது இரண்டாவது சீசன்.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நீங்கள் வந்துவிட்டீர்கள், அட்டையில். ஆளுயரத்துக்கு நீங்களும் அவளும் முதுகோடு முதுகு சாய்ந்து, ஒரே மாதிரி ஃபிரேம் போட்டுச் சிரிக்கிறீர்கள். உங்கள் போட்டிக்கு விளம்பரம் கொடுக்கும் ஃபிரேம் கம்பெனி அனுப்பியது. நான் கண் பரிசோதிக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். முதலாளியிடம் வேறு இடத்தில் வைக்கக் கேட்டேன். அவருக்கு உங்களைத் தெரியும், நம் கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டவர்தான். 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா, வியாபாரம் படுத்துடும்' என்று என்னிடமே கெஞ்சுகிறார். கண்ணில் ஒரு குறையும் இல்லாத பெண் பிள்ளைகள் வந்து 'புரொபசர் கண்ணாடி' கேட்கிறார்கள். நான் அதில் பவர் இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிக் கொடுக்கிறேன். என் புருஷனையும் இன்னொருத்தியையும் சேர்த்து வைக்கும் வேலையில் என் கையும் இருக்கிறது, பாருங்கள்.

அப்படி மாட்டிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது. தூரத்தில் இருப்பது தெரியாமல் மைனஸ் பவர் போட்டவரை நேராகப் பார்த்தால், கண்ணாடிக்குள் தெரியும் கன்னத்தின் ஓரம் வெளியே இருக்கும் கன்னத்தோடு சேராது, கொஞ்சம் உள்ளே தள்ளித் தெரியும். உங்களுக்கு மைனஸ் நாலரை. உங்கள் கன்னம் எங்கே மடங்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சனிக்கிழமை திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஓரம் ஒரே கோடாக இறங்கியது. நீங்கள் போட்டிருப்பதும் வெறும் கண்ணாடி.

என் புத்தி உடனே எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெறும் கண்ணாடி என்றால் உள்ளே கான்டாக்ட் லென்ஸ் இருக்க வேண்டும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடவே நான் உங்கள் இமையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஊரைக் கூட்டுவீர்கள். அப்படிப்பட்டவருக்குக் காலையில் யார் லென்ஸ் வைத்துவிடுகிறார்கள்? பொறாமையா என்று கேட்காதீர்கள். பொறாமைதான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி சொல்லப்போவதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். உங்கள் ஜோடிக்கென்று இருக்கும் ரசிகர் குரூப்பில் 'நேர்பார்வை' என்ற பெயரில் சேர்ந்தேன். வேவு பார்க்கத்தான் சேர்ந்தேன். முதல் வாரமே ஒன்றைக் கண்டுபிடித்தேன். 'இந்த ஜோடிக்காகவே மேட்ச் பார்க்கிறேன்' என்ற வரி பதினேழு பெயர்களில் வருகிறது, எழுத்து மாறாமல், கடைசியில் அதே நாலு இதயத்தோடு. மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. இவர்கள் ரசிகர்கள் இல்லை, கூலிக்கு மாரடிப்பவர்கள் என்று புரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினேழைப் பார்த்துவிட்டு எழுதும் ஆயிரம் பேர் நிஜமானவர்கள். கடைக்கு வரும் பிள்ளைகள் நிஜமானவர்கள். யார் பொம்மை, யார் மனுஷர் என்று ஒரு கட்டத்துக்கு மேல் என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

நிறைய எழுதியதால் என்னைத் 'தங்க உறுப்பினர்' ஆக்கினார்கள். உங்கள் தொண்டை கரகரக்கிறது, வெந்நீர் குடியுங்கள் என்று மனைவியாக ஒரு மாதம் சொன்னேன், கும்பிட்ட கை வந்தது. நேர்பார்வையாக ஒரே ஒரு தடவை எழுதினேன். நீங்கள் அதை நேரலையில் போனைக் கண்ணருகே பிடித்துப் படித்து, 'நேர்பார்வை, உங்க அக்கறைக்கு நன்றிங்க' என்று சிரித்து, டம்ளரை எடுத்துக் குடித்தீர்கள். சந்தோஷத்தில் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் அந்த ஊருக்குப் போன இந்த ஏழு மாதத்தில் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியது அந்த ஒரு வரிதான், அதுவும் வேறொருத்தி என்று நினைத்து.

போன வாரம் உங்கள் விளம்பரப் பிரிவிலிருந்து நேர்பார்வைக்கு ஒரு மெயில் வந்தது. இந்த ஜோடியின் மேல் எனக்கு இருக்கும் பற்று அவர்களை நெகிழவைத்துவிட்டதாம். ரசிகர் தலைவியாக இருக்க முடியுமா என்று கேட்டு, இறுதிப் போட்டிக்கான திட்டத்தையும் அனுப்பியிருந்தார்கள். இடைவேளையில் மின்னல் உங்கள் முகத்திலிருந்து பழைய ஃபிரேமைக் கழற்றிவிட்டு, புதிய மாடலைத் தன் கையால் மாட்டிவிடுவாள். அந்த நேரத்தில் 'மாட்டிவிடு' என்ற ஓட்டெடுப்பை நான் தொடங்கி வைக்க வேண்டும். நீங்கள் காதலிக்கிறீர்களா என்று நான் கேட்க வேண்டும். 'புரொபசர் பதில் சொல்லாமல் சிரிப்பார்' என்று அதில் எழுதியிருந்தது. நீங்கள் எப்போது சிரிப்பீர்கள் என்பதை உங்கள் பெண்டாட்டிக்கே எழுதி அனுப்புகிறார்கள்.

அந்தக் கோபத்தில்தான் பழைய மேட்ச் எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தேன், உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்க. நீங்கள் அவள் பக்கம் சாய்வதை மட்டும் வெட்டி ஒட்டி ரசிகர்கள் பரப்புகிறார்களே, அந்த இடங்களைத்தான் பார்த்தேன். திரையில் அணியின் பெயர் பெரிதாக வரும்போது நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆட்டம் தொடங்கி எல்லாம் பொடிப் பொடியாக ஓடும்போது அவளுக்கு முன்னால் இருக்கும் சின்னத் திரையின் பக்கம் சாய்கிறீர்கள். அவள் உங்கள் கையைத் தொட்டது மொத்தம் நாலு தடவை. நாலு தடவையும் அதற்குச் சற்று முன்னால் நீங்கள் நீல அணியைச் சிவப்பு என்றோ, விழுந்தவனை எழுந்தவன் என்றோ தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவள் தொட்டதும் திருத்திக்கொள்கிறீர்கள்.

உங்களுக்குக் கண் தெரியவில்லை. லென்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பவர் போட்டால் கண் சின்னதாகத் தெரியும், விளக்கு வெளிச்சம் அடிக்கும் என்று உங்கள் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு வெறும் கண்ணாடியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். நீங்களும் வேலை போய்விடுமே என்று மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ஆட்டத்தைக் குத்துமதிப்பாக வர்ணித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் காப்பாற்றிக்கொண்டு பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாலு லட்சம் பேர் அதைக் காதல் என்கிறார்கள்.

இதுதான் நான் கண்டது. ஆனால் மனம் ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது. எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமோ இது? அவள் தொட்டது உங்கள் தப்பைத் திருத்தத்தானா? ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது, மறு நாள் காலையில் அதுவே பொய்யாகத் தோன்றுகிறது. என்னால் இப்படி வாழ முடியாதுங்க.

இப்போது பெட்டியைத் திறங்கள். நீங்கள் வீட்டில் விட்டுப்போன பழைய பழுப்பு ஃபிரேம், உங்கள் இடது காதுக்குத் தக்கபடி நான் வளைத்துக் கொடுத்தது. நாலரை பவர் லென்ஸை நானே உட்கார்ந்து தீட்டி மாட்டியிருக்கிறேன், வெளிச்சம் அடிக்காத பூச்சும் போட்டிருக்கிறேன். விளக்கு அடிக்கிறது என்று கேமராக்காரர் குறை சொல்ல முடியாது. இறுதிப் போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, பார்சல் அதற்கு முன்னால் வந்துவிடும்.

நேர்பார்வையாக ஒரு வார்த்தை எழுதினால் போதும், பழைய கண்ணாடிதான் வேண்டும் என்று அரை மணி நேரத்தில் பத்தாயிரம் ஓட்டு விழும். விளம்பரப் பிரிவே அதை உங்கள் மூக்கில் மாட்டிவிடும். அந்த வித்தை எனக்கும் வந்துவிட்டது. ஆனால் செய்ய மாட்டேன். நேர்பார்வை கணக்கை இன்று மூடிவிட்டேன். இதை நான் உங்களிடம் மனைவியாக மட்டும் கேட்கிறேன், எனக்கு இருப்பது ஒரு ஓட்டுதான்.

அன்றைக்கு இதைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கழற்ற மின்னலின் கை வரும்போது, இது இல்லாமல் எனக்குக் கண் தெரியாது, என் வீட்டுக்காரி செய்து கொடுத்தது என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவும் உண்மைதானே. வேலை போனால் போகட்டும், நான் சம்பாதிக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். நன்றி சொல்ல வேண்டிய ஆள்தானா என்று அன்றைக்கு எனக்கும் தெரிந்துவிடும்.

நானும் பாப்பாவும் திரைக்கு முன்னால் இருப்போம். நீங்கள் வாயைத் திறக்கும் வரை நான் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் தடவை உங்கள் முகத்தை நேராகக் காட்டும்போதே கன்னத்தின் ஓரத்தைப் பார்ப்பேன். அது உள்ளே மடங்கி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்நீர் குடியுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள்.

இன்னும் பன்னிரண்டு நாளைக்கு வெளியே யாருக்கும் தெரியாத,
உங்கள் மனைவி